இக்பால் கௌர் கேட்டது

என்ன கேட்கணும்னு ஒரே வரியில் யோசித்து வையுங்கள் பெஹன்ஜி, சரியான இடத்தில் நான் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று குருத்வாராவில் பிரார்த்தனை நடத்தும் கியானி நேற்று போனில் சொல்லியிருந்தார். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரின் தலையில் இரண்டாம் தடவை ஷாம்பு தேய்த்தபடி இக்பால் கௌர் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பதரை. பதினொரு மணிக்குக் கியானி வருவார். தர்லோச்சன் சிங்குக்கு ஸ்ட்ரோக் வந்து இன்றோடு ஒரு வருஷம். அன்றைக்கு வலது கை, வலது கால், பேச்சு என்று மூன்றும் ஒன்றாகப் போயின. கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் குளியலறைக்கும் நடக்கிறார். கை கொஞ்சம். பேச்சு மட்டும் ஒரு சொல்கூட வரவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார், டிவியில் மேட்ச் பார்த்து இடது கையால் தொடையில் தட்டுகிறார். வாயைத் திறந்தால் காற்றுத்தான். அர்தாஸ் வைக்கலாம் என்றது கனடாவில் இருக்கும் மகள் ரவ்னீத். எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்க, ஒருவர் குருமார்களை நினைத்துப் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே போவார், மற்றவர்கள் இடையிடையே வாஹேகுரு என்று கடவுள் பெயரைச் சொல்வார்கள், கடைசியில் இன்னார் இன்னதை வேண்டி நிற்கிறார் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான். ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் அந்த இடத்தில் மற்றவர்கள் என்னென்னவோ வேண்டக் கேட்டிருக்கிறாள் இக்பால்: விசா கிடைக்க, பிளஸ் டூ பாஸாக, இரட்டைக் குழந்தை நல்லபடி பிறக்க. கேட்டதற்குப் பதில் வந்ததா என்று அடுத்த ஞாயிறு யாரும் சொல்வதில்லை. பதில் வந்தவர்கள் மட்டும் நன்றி சொல்லப் பிரசாத அல்வாவுக்குச் செலவு செய்வார்கள், வராதவர்கள் பேசாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் காதுக்குள் போய்விடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மக்கால் ஊற்றினாள். இடுப்பு வரைக்கும் நரைத்து நனைந்த முடி. எழுபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கத்தரி படாத முடி. ஆஸ்பத்திரியில் மூளைக்கு ஆபரேஷன் வேண்டியிருந்தால் மழிக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்று கேட்டு ஒரு ஃபாரம் நீட்டினார்கள். அவள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஆபரேஷன் வேண்டாம் என்றாகிவிட்டது. யோசிக்காமல் போட்டதைப் பற்றித்தான் அப்புறம் நிறைய யோசித்தாள்.

அந்தப் பதினோரு நாளும் ஐசியூ வாசலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உயிரோடு இருக்க வேண்டும். இருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே நோய், அதே டாக்டர், வயசுகூட இவரைவிடக் குறைவு. அவருடைய மனைவி திருவள்ளூர்ப் பக்கம். மடியில் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு உதடு அசைய உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே ஃபிளாஸ்கிலிருந்து காபி குடித்தார்கள். ஒன்பதாம் நாள் அந்த மனுஷன் போய்விட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே வந்து இக்பாலின் கையைப் பிடித்து, "உங்களுதையாச்சும் சாமி காப்பாத்தட்டும்க்கா" என்றாள். இரண்டு நாள் கழித்து டாக்டர் வெளியே வந்து ஆபத்து நீங்கிவிட்டது என்றபோது வாஹேகுருவுக்கு நன்றி என்று சொல்ல வாய் எடுத்த இக்பாலுக்கு அந்தச் சொல் பாதியில் நின்றுபோயிற்று. யாருக்கு நன்றி, எதற்கு? ஒரு வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தியைக் கேட்டு இன்னொருத்தியைக் கேட்காத ஒரு காது இருக்குமானால், அந்தக் காதிடம் இனி என்னவென்று பேசுவது? அப்படி ஒரு காது இல்லை என்றால் பதினோரு நாள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? துண்டால் கணவரின் தலையை அழுத்தி ஈரம் எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொடுத்துவிட்டு, மாடு மாதிரிச் சுகமாக உட்கார்ந்திருந்தார். சமையலறையில் கஸ்தூரி கோதுமை மாவை நெய்யில் வறுக்கும் வாசனை வந்தது. வீட்டு வேலைக்கு வந்து பதினாறு வருஷமாகிவிட்டதால் பிரசாத அல்வாவின் பக்குவம் இக்பாலைவிட கஸ்தூரிக்கு நன்றாகத் தெரியும். அவளும் சாருக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள், மாங்காட்டம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம். ஐந்து வாரம் முடிந்துவிட்டது. "நம்ம சாமி வேற, உங்க சாமி வேறன்னு அவங்களுக்குள்ள பாக்க மாட்டாங்கம்மா" என்றாள் ஒருநாள், ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்வதுபோல. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனிட்டா தன் சர்ச்சில் ஜெபத்துக்குப் பெயர் எழுதிப் போட்டிருக்கிறாள். நாளைக்கே பேச்சு வந்துவிட்டால் மூன்று இடத்திலும் மணி அடிக்கும். தர்லோச்சனுக்குப் பேச்சு இருந்தால் இதை வைத்து ஒரு ஜோக் சொல்லியிருப்பார், ஒரு மாசத்துக்கு நிறுத்தாமல், பார்க்கிறவர்களிடமெல்லாம்.

பேச்சு என்றால் எந்தப் பேச்சு என்று மனம் அங்கே போய் மாட்டிக்கொண்டது. பேச்சு வர வேண்டும் என்று சொன்னால் எவ்வளவு வரும், எல்லாமும் வந்துவிடுமா? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் கவர் கடை வைத்து நாற்பது வருஷம் வாயால் பிழைத்த மனுஷன். கஸ்டமர் ஒருத்தர் ரெக்ஸின் கேட்டு வந்தால் லெதர் வாங்கிக்கொண்டு, இரண்டு கதையும் கேட்டுவிட்டுத்தான் போவார். சுத்தமான மெட்ராஸ் தமிழ் பேசுவார். பகடி என்கிற தலைப்பாகையும் தாடியுமாக ஒரு ஆள் "இன்னா நைனா, நேத்தே வரேன்னியே" என்றால் புதிதாகக் கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள். அதைப் பார்ப்பதில் அவருக்கு அலுக்கவே அலுக்காது. நித்தியப் பிரார்த்தனைகள் அச்சிட்ட சின்னப் புத்தகத்துக்குப் பஞ்சாபியில் குட்கா என்று பெயர். "என் சம்சாரம் தினமும் காலையில குட்கா இல்லாம எந்திரிக்க மாட்டா சார்" என்று புதிதாக அறிமுகமாகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி, அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு விளக்குவார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அந்த ஜோக்கை அவள் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அவள் பெயரை வைத்து ஒன்று உண்டு, இக்பால் என்று ரேஷன் கார்டில் பார்த்துவிட்டு ஆம்பளையை வரச் சொல்லு என்று ஆபீஸர் சொன்ன கதை. அவள் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வாங்கிக்கொண்டு அவரே சொல்லி முடிப்பார். டாக்டரிடம் அவளுடைய வயிற்றுவலியைக்கூட அவர்தான் விவரிப்பார், அவளே மறந்துபோன விவரங்களோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மூன்று வாரம் வீடு எப்படி இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு மூச்சில் படித்தாள். சமையலறைக் குழாய் சொட்டுவது அப்போதுதான் காதில் விழுந்தது, எத்தனை வருஷமாகச் சொட்டுகிறதோ. ஒருநாள் மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தபோது நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. தோன்றிய உடனே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அவருக்கு வேண்டாத ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

சீப்பால் சிக்கெடுத்து, உச்சியில் முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். தாடியைத் துடைத்தாள். இனி பகடி கட்ட வேண்டும். ஆறு மீட்டர் துணியை நீளவாக்கில் நான்காக மடித்துச் சுருக்கமில்லாமல் எடுக்க ஆளுக்கொரு முனையில் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும், தனியாகச் செய்கிற வேலையில்லை. இப்போது ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையை அவள் இழுக்கிறாள். கம்பி நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. கருநீலத் துணி விறைத்து நின்றது. ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே நேரத்துக்குச் சற்று முன்னால், எட்டே முக்காலுக்கு, மறுமுனையில் அவர் நின்றார். பேச்சுவார்த்தை இல்லை. பேசாமலிருந்தது அவள்தான், அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். முந்தின நாள் குருத்வாராவில் சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ரவ்னீத்துக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகவில்லை, பிரிந்துவிட்டார்கள் என்பதை எதிர்வரிசைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாதே மம்மி என்று மகள் அழுது சொன்னது, இவரிடம் மட்டும் என்று இவள் சொன்னது. தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பி இக்பாலைப் பார்த்த பார்வை அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டால், "எல்லாம் நம்ம ஜனங்கதானே பாலி, நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு பேர் வேண்டிப்பாங்க" என்றார். மறுநாள் விடிந்ததும் அவள் குளித்து, தலையில் துப்பட்டாவைப் போட்டு, குருமார்கள் படம் வைத்த அலமாரி முன்னால் நின்று பாராயணத்தை முடித்து, கடைசியில் கைகூப்பியபடியே, அச்சடித்ததில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். வாஹேகுரு, இந்த மனுஷன் வாயைக் கொஞ்சம் அடைத்து வையேன். கோபத்தில்கூட இல்லை, களைப்பில் சொன்னாள். உதடு அசைந்ததா, மனசுக்குள் மட்டும்தானா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். அசைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, இழுத்துப் பிடித்த துணி அவள் கையில் தொய்ந்தது. சண்டையில் விட்டுவிட்டார் என்று நினைத்து நிமிர்ந்தாள். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எதையோ சொல்ல முயன்றது. அதுதான் கடைசி.

டாக்டரைக் கேட்டால் இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, பத்து வருஷமாக விட்டுவிட்டுச் சாப்பிட்ட மாத்திரை என்பார், அதையெல்லாம் அவர் சொன்னார்தான். அவளும் தலையாட்டினாள். கடவுள் என்ன, மனு போட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாசில்தாரா? நடப்பதெல்லாம் அவன் உத்தரவு, ஹுக்கும். அதற்கு வெளியே ஒரு இலையும் இல்லை. அவள் சொல்லித்தான் அது நடக்கும், அவள் சொல்லாவிட்டால் நின்றுவிடும் என்றில்லை. இதைச் சொன்னவரும் தர்லோச்சன்தான். அவளுடைய அம்மா புற்றுநோயில் கிடந்தபோது நாற்பது நாள் பாராயணம் வைத்தால் குணமாகும் என்று யாரோ சொல்ல, இவள் கேட்டதற்கு, வைக்கலாம் பாலி, மனசுக்கு நல்லது, ஆனால் குணமாகிறதற்கு என்று வைக்காதே என்றார். எட்டாவது குரு டெல்லியில் அம்மை போட்டவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து அத்தனை பேர் துயரத்தையும் தீர்த்தார் என்று சொல்வார்கள், கடைசியில் அதே அம்மை வந்துதான் அவரும் போனார், எட்டு வயசுகூட நிறையவில்லை. "அந்தக் குழந்தை தனக்குன்னு கேக்கல. கேக்கத் தெரியாதா அதுக்கு? அதுக்கு மேல நமக்குன்னு கேக்க என்ன இருக்கு" என்றார். அன்றைக்கு அது கல் நெஞ்சு என்று பட்டது. இந்த ஒரு வருஷமாக அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டுக் கொடுக்கிறவன் இல்லை அவன். அப்படியானால் அன்று காலை அவள் சொன்னதும் வெறும் காற்று. ரவ்னீத்துக்கு இது புரியாது. அங்கே பிராம்ப்டனில் ஒரு அம்மா நாற்பது நாள் பாராயணத்தில் எழுந்து நடந்துவிட்டாளாம், வீடியோ அனுப்புகிறாள். இன்றைக்கு அர்தாஸ் வைத்து நாளைக்கு இவருக்குப் பேச்சு வந்தால் எல்லோரும் வாஹேகுரு கேட்டார் கேட்டார் என்பார்கள், அவளும் சந்தோஷப்பட வேண்டும். இதைக் கேட்ட காது அதையும் கேட்டிருக்கும். குணமாக்குகிற கை அந்தக் கைதான் என்றால், அடித்ததும் அதே கை, அவள் சொன்னதால் அடித்த கை. பேச்சு வர வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. கேட்டு வர வேண்டாம். தானாக வரட்டும், மாத்திரையால் வரட்டும், பெனிட்டாவால் வரட்டும். இதை எப்படி ஒரு வரியில் கியானியிடம் சொல்வது? அவளுடைய பாராயணமும் அன்றிலிருந்து மாறிவிட்டது. முன்பு ஹாலில் உரக்கப் படிப்பாள், அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து இடையிடையே சேர்ந்துகொள்வார். இப்போது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணால் படிக்கிறாள். அவர் எதிரில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, திருடின வீட்டில் போய் விருந்து சாப்பிடுவது போல. பகடியின் கடைசிச் சுற்றைச் செருகி, நெற்றியில் நேராக இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து பார்த்தாள். அவர் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

கியானி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பாட்டியாலாப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும், சென்னை வெயிலுக்கு இன்னும் பழகவில்லை. வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். கஸ்தூரி அல்வாவை மேலே வெள்ளைத் துணி மூடிக் கொண்டுவந்து வைத்தாள். செல்போனை டீபாயில் பூச்சாடிமேல் சாய்த்து வைத்ததும் கனடாவிலிருந்து ரவ்னீத்தின் முகம் வந்தது, தலையில் துப்பட்டாவோடு. தர்லோச்சனை எழுப்பி நிற்க வைத்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்ளச் செய்து, கஸ்தூரி பின்னால் நின்றாள். "சொல்லுங்க பெஹன்ஜி, என்ன கேக்கட்டும்?" என்றார் கியானி. இக்பால் வாயைத் திறந்து மூடினாள். தன் வாயும் திறந்து காற்று வருகிறது என்று ஒரு கணம் தோன்றியது. "எல்லாருக்கும் நல்லது நடக்கணும்னு முடிப்பீங்க இல்லையா, அது போதும்" என்றாள். "அது எல்லா அர்தாஸும் முடியறதுதானே பெஹன்ஜி, உங்களுக்குன்னு?" "மம்மி!" என்றது செல்போன். "டாடிக்குப் பேச்சு வரணும்னு சொல்லு மம்மி. இதுக்குத்தானே இத்தனையும்? கியானிஜி, நான் சொல்றேன், பேச்சு வரணும்." கியானி இக்பாலைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெற்ற மகள் கேட்கிறபோது எப்படிச் சொல்வாள்? கியானி கைகூப்பித் தொடங்கினார். எல்லோரும் அலமாரியைப் பார்த்து நின்றார்கள். குருமார்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, எட்டாவது பெயர் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் தடவை வாஹேகுரு சொல்ல வேண்டிய இடத்தில் கியானியின் குரலும், செல்போனிலிருந்து சற்றுப் பிந்தி மகளின் குரலும், தன் குரலும் கேட்டன. கூடவே அடியில் ஏதோ ஒரு கரகரப்பு, பக்கத்து வீட்டில் ஸ்டூல் இழுக்கிறார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது தடவை அது பின்னாலிருந்து, இடது பக்கத்திலிருந்து வந்தது. வாஹேகுரு. ஈரமான, துருப்பிடித்த, ஆனால் முழுச் சொல். கஸ்தூரி "அய்யோ" என்றாள். செல்போனில் மகள் அழுவது கேட்டது. அர்தாஸ் தொடங்கிவிட்டால் முடிகிற வரை கூப்பிய கையைப் பிரித்துத் திரும்பிப் பார்ப்பது வழக்கமில்லை. கியானியின் குரல் ஒரு நொடி தடுமாறி மேலே போயிற்று. இக்பால் திரும்பவில்லை. முதுகால் கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாவது. நான்காவது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலமாக, அவருடைய பழைய குரலின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற மாதிரி. சந்தோஷப்பட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கியானி அந்த ஒரு வரியைச் சொன்னார், சகோதரர் தர்லோச்சன் சிங்குக்குப் பேச்சை அருள வேண்டும், மகாராஜ். அதற்கு முன்னாலேயே அருளப்பட்டுவிட்டதே என்று அவளுக்குள் யாரோ திருத்தினார்கள், கேட்பதற்கு முன்னால் வந்ததைக் கேட்டு வந்தது என்று எப்படிச் சொல்வது, அந்த இடைவெளியில் நுழைந்துகொள்ள முடியுமா என்று ஓர் எலி ஓட்டை தேடுவது போல மனம் ஓடியது.

முடிந்து நிமிர்ந்தபோது தர்லோச்சன் முகமெல்லாம் கண்ணீராக நின்றார். கியானி அவரைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களா பெஹன்ஜி, மகாராஜ் காது கொடுத்துட்டார். வர்ற ஞாயிறு குருத்வாராவுல எல்லார் முன்னாடியும் சொல்லணும்." கஸ்தூரி, ஆறாவது வாரம் பாக்கி இருக்கும்போதே அம்மன் இரங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள், "டாடி, ரவ்னீத்னு சொல்லுங்க டாடி, ரவ்னீத்" என்று கெஞ்சினாள். அவர் வாயைத் திறந்தார். காற்று. முகம் சிவக்க இன்னொரு தடவை முயன்றார். காற்றுத்தான். "மெதுவா வரும், மெதுவா வரும்" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அல்வா சாப்பிட்டார்கள். கியானி போனதும் இக்பால் பால்கனிக்குப் போய் பெனிட்டாவைக் கூப்பிட்டாள். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் பெனிட்டா, பின்னால் குக்கர் சத்தம். விஷயத்தைக் கேட்டு, "ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி!" என்றாள், பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா சொல்லிடறேன், ஏமாந்துடக் கூடாதில்ல. நாமளா யோசிச்சுப் பேசற பேச்சு வேற, வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லிப் படிஞ்சுபோனது வேற. ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, சிலருக்குக் கெட்ட வார்த்தை. ஸ்ட்ரோக்ல முதல்ல சொன்னது போயிட்டாலும் இது தப்பிச்சிருக்கும். நான் எண்ணச் சொல்லிப் பாத்தேன், சினிமாப் பாட்டு போட்டுப் பாத்தேன், வரல. உங்க ஜெபம் எனக்குத் தெரியாது ஆன்ட்டி. வீட்ல தினமும் அவர் பக்கத்துல சத்தமா சொல்லியிருந்தா முன்னாடியே வந்திருக்கும்." இக்பால் போனை மறு காதுக்கு மாற்றினாள். "இதைப் புடிச்சுக்கிட்டே மத்த வார்த்தைக்குப் போக முடியும் சிலருக்கு. உறுதியா சொல்ல மாட்டேன். நாளைக்கு வரேன்" என்று பெனிட்டா வைத்துவிட்டாள். கீழே தெருவில் ஒருவன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவில்லை. ஆக, குணமில்லை. பதிலும் இல்லை. உள்ளே எப்போதுமிருந்தது வெளியே வந்திருக்கிறது. அவளுக்கு வேண்டிய விளக்கம்தான் கிடைத்திருந்தது. அது கிடைத்த கையோடு இன்னொன்றும் வந்தது: ஒரு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடமிருந்து அந்தச் சொல்லை ஒளித்துவைத்தவள் அவள்தான். கடவுள் அடித்தாரோ இல்லையோ, இதைச் செய்தது அவள். ஸ்கூட்டர்க்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

உள்ளே வந்தபோது கஸ்தூரி பாத்திரம் கழுவப் போயிருந்தாள். தர்லோச்சன் சோபாவில் சாய்ந்து, களைப்பும் பெருமையுமாக, பாதி வாயால் சிரித்தார். அவள் எதிரில் பிரம்பு மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். யோசித்து வைத்த வரி எதுவும் இல்லை. "ஜி, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னிக்குக் காலையில, நீங்க குருத்வாராவுல நம்ம பொண்ணு விஷயத்தைச் சொன்னீங்க இல்ல, அதுக்கு மறுநாள். நான் பாராயணம் முடிச்சுட்டு ஒண்ணு கேட்டேன். உங்க வாயை அடைச்சு வைக்கச் சொல்லிக் கேட்டேன். இதே மாதிரி கைகூப்பிக்கிட்டுத்தான் கேட்டேன்." தன் குரல் ரேஷன் கடையில் முகவரி சொல்வது போல இருந்ததை அவளே கவனித்தாள். "ரெண்டு மணி நேரத்துல உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு. நான்தான்னு சொல்லல. நான் இல்லன்னும் எனக்குத் தெரியல. அதான் உங்க எதிர்ல ஜெபம் சொல்ல முடியல. சொல்லியிருந்தா எப்பவோ வந்திருக்குமாம்." அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிருந்தது. அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று படிக்க நாற்பத்தாறு வருஷத்தில் அவளுக்கு அவசியம் வந்ததில்லை, எல்லாவற்றையும்தான் வாயால் சொல்லிவிடுவாரே. பிறகு அவர் தோள் குலுங்கியது. இன்னொரு ஸ்ட்ரோக் என்று பயந்து எழப்போனாள். தொண்டையிலிருந்து க்கூ என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. சிரிக்கிறார். கண்ணில் நீர் வர, பகடி நழுவ, மூச்சு முட்டச் சிரிக்கிறார். "இதுல என்ன சிரிப்பு?" என்றாள் கோபமாக. ஒரு வருஷத்தில் அவரிடம் காட்டிய முதல் கோபம் அது. அவர் பொறு என்று இடது கையைக் காட்டினார். அந்தக் கையால் தன் நெஞ்சைத் தட்டினார். பிறகு அலமாரிப் பக்கம் காட்டி, நெஞ்சோடு வைத்துக் கைகூப்புகிற மாதிரி ஒற்றைக் கையைச் செங்குத்தாகப் பிடித்தார். பிறகு அவளைக் காட்டினார், அவள் வாயைக் காட்டினார். நான்கு விரலையும் கட்டைவிரலையும் கோழி அலகு மாதிரித் திறந்து திறந்து மூடி, கடைசியில் இறுக மூடிப் பிடித்தார். அவளுக்கு விளங்கச் சற்று நேரமானது.

"நீங்களுமா?" என்றாள். "என் வாயையா?"

தலையாட்டினார், ரொம்ப ஆர்வமாக.

இக்பால் கௌர் அவரையே பார்த்தாள். ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசாத, நாலு பேர் நடுவில் வாயே திறக்காத பொம்பளை என்று ஷெனாய் நகர் முழுக்கப் பெயர் வாங்கியவள் அவள்.

"எத்தனை தடவை கேட்டீங்க?"

அவர் இடது கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கினார். மறுபடியும் விரித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருக்க, மறுபடியும்.